பத்திரச் செலவு யார் தலையில்?

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு வீடு என்பது வேலையோடு வருகிற சாமான். கம்பெனி பூட்ஸ் கொடுக்கும், மழைக்கோட்டு கொடுக்கும், வீடும் கொடுக்கும். விளக்கு எரியவில்லையா, ஆபீஸ் கிராணியிடம் போய்ச் சொல்ல வேண்டியது. கூரை ஒழுகுகிறதா, மறுபடியும் அதே கிராணி. அறுபது வயதுவரை நான் ஓர் ஆணிகூடச் சொந்தக் காசில் வாங்கிச் சுவரில் அடித்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகும் முட்டாள்தனத்துக்கு இப்போதே ஜாமீன் எடுத்து வைக்கிறேன்.

தோட்டத்து ஃபேக்டரியில் நான் இலை வாட்டும் பகுதியில் இருந்தேன். பச்சை இலை மூட்டை மூட்டையாக வரும். காற்று விட்டு வாட்டி அனுப்புவேன். ஆட்களையும் பேரம் பேசிப் பேசியே வாட்டிவிடுவேன் என்று என் மனைவி சொல்வாள். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் என்னைத் தூரத்தில் பார்த்ததும் ஸ்ட்ராபெரிக்காரர் தன் கூடைகளைத் துணி போட்டு மூடியிருக்கிறார். அன்று எனக்கு யாரோ மாலை போட்டது போல இருந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகும் மனைவி கொழுந்து பறித்துக்கொண்டிருந்ததால் கம்பெனியின் லயத்து வீடு எங்களிடமே இருந்தது. பிறகு அவளுக்கும் அந்த நாள் வந்தது. துரை கைகுலுக்கினார், வாழ்த்தினார், வருடக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்கும்படி ஒரு கடிதமும் கொடுத்தார். எங்கள் இருவருடைய சேமநிதிப் பணத்தையும் ஒன்றாகக் கொட்டினால் சின்னதாக ஒரு வீடு வாங்கலாம். ஒரு தடவைதான் வாங்கலாம். தப்பான வீடாகப் போய்விட்டால் இரண்டாவது வீடு கிடையாது, இரண்டாவது ஆயுசும் கிடையாது. அந்த நினைப்பிலேயே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் பங்கையும் நானே சாப்பிட்டேன். பேரம் பேசத் தெம்பு வேண்டாமா?

திரிங்காப்புக்கு மேலே ஒரு தாமான் குடியிருப்பில் கடைசி வீடு விலைக்கு வந்தது. விற்பவர் என்னைவிட மூத்தவர். காய்கறி லோரி ஓட்டி ஓய்ந்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். கிள்ளானில் இருக்கும் மகளிடம் போகப்போகிறேன் என்றார். விலை நியாயமாக இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே நியாயமாக இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் மலை. இந்த ஊரில் பின்னால் மலை இருக்கிறது என்று குறை சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். அதன் உச்சியில் யாருடையதோ காய்கறித் தோட்டம், வரிசை வரிசையாக பிளாஸ்டிக் கூரைகள். நாங்கள் போன அன்று மூடுபனியில் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. பத்து நாளாக மழையே இல்லை.

முன்கூடத்தில், வாசல் கதவை ஒட்டி அவர் படுக்கை கிடந்தது. பக்கத்திலேயே செருப்பு, டார்ச் லைட், ஒரு சின்னப் பை. வயதானவர், டிவிக்குப் பக்கத்தில் படுக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டிவி எதிர்ச் சுவரில் இருந்தது.

சமையல்கட்டில் உட்கார வைத்து தேத்தண்ணி கொடுத்தார். நான் சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தேன். வீட்டு விலைக்கு மேல் இன்னும் என்னென்ன செலவு உண்டு என்று டவுனில் நாலு பேரைக் கேட்டு எழுதி வைத்திருந்தேன். முத்திரை வரி, லாயர் ஃபீஸ், குத்தகை நிலம் என்பதால் பெயர் மாற்ற அரசாங்க அனுமதி, பாக்கி நிற்கும் வீட்டு வரி. இதில் முதல் இரண்டும் வழக்கமாக வாங்குபவன் தலையில்தான் விழும். எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டுப் பார்ப்போம், பாதியில் வந்து நிற்போம் என்பது என் திட்டம். அறுபதைத் தாண்டியவனுக்கு பேங்க் கடன் கிடையாது என்பதால், பேங்கிலிருந்து ஆள் வந்து வீட்டைச் சோதித்து மதிப்புப் போடுகிற செலவும் இல்லை. அதை ஒரு லாபமாகப் பட்டியலின் அடியில் எழுதி, கோடும் போட்டிருந்தேன்.

“அண்ணே, வெல சரி. முத்திர வரியில ஒரு பாதி நீங்க போட்டுக்கிட்டா…”

“முழுசா கட்டிடறேன் தம்பி.”

நான் ஒரு வாய் தேத்தண்ணி குடித்தேன். “லாயர் ஃபீஸு…”

“போட்டுக்கோ.”

“என் லாயரு ஃபீஸுண்ணே. என் பக்கத்து லாயரு.”

“அதான் சொல்றேன்ல, போட்டுக்கோ.”

அனுமதிச் செலவு? சரி. வீட்டு வரி பாக்கி? அது முன்பே கட்டியாயிற்று. பூட்டியிருக்கும் கதவு என்று தோளைக் கொடுத்து முட்டப்போனவன், அது சும்மா சாத்தி வைத்த கதவு என்று தெரியாமல் உள்ளே போய்க் குப்புற விழுந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் நான் ஜெயித்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இதைவிட இன்னும் ஏதாவது கேட்டிருக்கலாமோ என்று பட்டியலைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலியாக இருந்தது.

“ஒண்ணே ஒண்ணுதான் தம்பி” என்றார் அவர். “பின்னால முனி இருக்காரு. அவர எடுக்கக் கூடாது. வெள்ளிக்கெழம வெளக்கு. வருசத்துக்கு ஒரு சேவலு, சுருட்டு. அந்தச் செலவு மட்டும் ஒன்னோடது.”

“அண்ணே, நாங்க வேதக்காரங்க. சர்ச்சுக்குப் போறவங்க.”

“அவரு அதெல்லாம் கேக்க மாட்டாரு.”

தோட்டத்து வேதக்காரனின் நிலைமையை வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணை மூடிப் பாடுவேன். திங்கட்கிழமை முனி மரத்தைத் தாண்டும்போது அதே கண்ணைத் தரையில் பதித்துக்கொண்டு விறுவிறுவென்று நடப்பேன். அவரை நம்பவில்லை, பயப்படுவதோடு சரி.

“அப்ப ஒரு பூசாரிய வச்சு எடுத்து, கோயிலுக்குக் கொண்டு போயிருங்கண்ணே. அந்தச் செலவையும் நீங்களே…”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “அது மட்டும் முடியாது.”

இதுவரை வாயே திறக்காத என் மனைவி பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாத்திய கதவின் மேல் மூலையில் முக்கோணமாக ஒரு சந்து. அதன் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. கதவின் மேல்விளிம்பு புதிதாகச் சீவப்பட்டு வெளுத்திருந்தது.

“கதவ எத்தன தடவ சீவுனீங்கண்ணே?”

“மழைக்கு மரம் ஊதிக்கும் தங்கச்சி.”

“இப்ப மழ இல்லியே.”

நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். முத்திரை வரி, இரண்டு லாயர் செலவு, அரசாங்க அனுமதி எல்லாம் கைக்கு வந்திருக்கும் நேரத்தில் ஒரு கதவைப் பற்றிப் பேசிக் காரியத்தைக் கெடுக்கிறாளே என்று எனக்குக் கோபம். அந்த வாரமே முன்பணத்தைக் கொண்டுபோய் தானா ராத்தாவில் லாயர் அம்மாவிடம் கட்டினேன். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பார்த்தவர்களிடமெல்லாம், “எந்தச் செலவும் இல்ல, எல்லாம் அவரே” என்றேன். ஒருவர்கூட “அப்படியா” என்று சொல்லவில்லை. “ஏனாம்?” என்றுதான் கேட்டார்கள்.

மழை தொடங்கிய மாதத்தில் ஜன்னல் திரைக்கு அளவெடுக்கப் போனோம். அவர் கடைக்குப் போயிருந்தார். சாவியைப் பூச்சட்டிக்கு அடியில் வைத்திருந்தார். நான் நாற்காலியில் ஏறி அளவு நாடாவோடு தடுமாறிக்கொண்டிருந்தபோது மனைவி பின்கட்டிலிருந்து கூப்பிட்டாள். கூப்பிட்ட குரலே சரியில்லை.

முனி என்றால் பெரிய சிலை ஏதும் இல்லை. முழங்கால் உயரத்தில் ஒரு சிமெண்டு மேடை, அதன்மேல் மஞ்சள் பூசிய மூன்று கல், ஒரு சூலம், தகரக் கூரை. சமையல்கட்டுச் சுவரிலிருந்து ஆறேழு அடியில் இருந்தது. மனைவி அதைக் காட்டவில்லை. அதற்குப் பின்னால் புல்லை விலக்கிக் காட்டினாள். அங்கே இன்னொரு மேடை, பழையது, மேலே எதுவும் இல்லாமல். அதற்கும் பின்னால், வேலியோரத்தில், மூன்றாவது. அது வீட்டைப் பார்த்துக் குனிந்து, பாதிக்கு மேல் செம்மண்ணில் புதைந்திருந்தது, யாரோ பின்னால் நின்று கழுத்தைப் பிடித்து அமுக்கியது போல.

“சாமி வீட்டுக்குள்ள வரப் பாக்குது போல” என்று சிரித்தேன். சிரிப்பு தனியாகப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

“சும்மா இருங்க. அந்த வாழையப் பாருங்க.”

வேலியோரத்து வாழைகள் நாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவற்றுக்கு மேலே மண்ணில் ஒரு வாய் திறந்திருந்தது, என் கை நுழையும் அகலத்தில். சாக்கடையில் வந்த தண்ணீர் பாலில்லாத தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

“நா இருபத்தெட்டு வருசம் மல மேல நின்னவ” என்றாள். “செடி சாஞ்சு வேரு தெரிஞ்சா, அந்த நெரையில நிக்காதேன்னு மேப்பாக்குற மண்டோரு வெரட்டுவாரு. கொழுந்து அங்கதான் நல்லா இருக்கும். இருந்தாலும் நிக்க மாட்டோம். நீங்க ஃபேக்டரிக்குள்ள காத்தாடிக்குக் கீழ நின்னவரு. ஒங்களுக்கு என்ன தெரியும்?”

எனக்குத் தெரிந்ததெல்லாம், முன்பணம் கட்டியாயிற்று, லயத்து வீட்டுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் என்பது. அதைச் சொன்னேன். அளவு நாடாவை என் கையிலிருந்து வாங்கி, குனிந்த மேடையிலிருந்து சமையல்கட்டுச் சுவர்வரை அளந்தாள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் லாயர் அம்மாவின் ஆபீஸில் ஒப்பந்தம் தயாராக இருந்தது, வீட்டுக்காரப் பெரியவரும் வந்திருந்தார். லாயர் அம்மா படித்துக்கொண்டே வந்தார். எல்லாச் செலவும் விற்பவருடையது என்கிற இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். பிறகு, “வாங்குபவர் வீட்டை நேரில் பார்த்து, உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொள்கிறார்” என்று படித்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

“ஒரு நிமிசம்” என்றாள் மனைவி. “அண்ணே, சாமிய ஏன் மூணு எடத்துல வச்சீங்க?”

நான் கூரையைப் பார்த்தேன். பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“மொதல்ல வேலியோரம்தான் இருந்தாரு” என்றார். “ஒரு நாள் காலையில பாத்தா அவரு கழுத்து வரைக்கும் மண்ணு. எடுத்துக் கழுவி, தள்ளி வச்சேன். மல நின்னுருச்சு. நாலு வருசம் அசையல. அப்புறம் திரும்பவும் வந்துச்சு. திரும்பவும் வச்சேன். நின்னுருச்சு. மல ஒரு அடி வந்தா இவரு முன்னால வந்து நிப்பாரு தங்கச்சி. இவரு நிக்கிற எடத்தத் தாண்டி அது வந்ததில்ல.”

“இத ஏண்ணே எங்ககிட்ட மறைச்சீங்க?” என்றேன்.

அவருக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது. “மறைச்சேனா? காவலையே ஒனக்கு விட்டுட்டுப் போறேனே தம்பி! நா போற எடத்துக்கு எனக்கு வேணாமா அவரு? அவரு ஒனக்குப் புடிக்காது, செலவு வேற வைக்கிறாருன்னுதானே மத்த செலவெல்லாம் நா போட்டுக்கிறேன்னேன்?”

லாயர் அம்மா பேனாவை மூடினார். நான் ஜெயித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒவ்வொரு செலவும், அந்த மனுஷன் மலைக்காக எனக்குக் கொடுத்த நஷ்டஈடு.

மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். “அண்ணே, ஒண்ணு செய்வோம். முத்திர வரி நாங்க கட்டுறோம். லாயர் ஃபீஸும் நாங்கதான். அனுமதிச் செலவும் நாங்கதான்.” அவள் சொல்லச் சொல்ல, என் பட்டியலை யாரோ கீழிருந்து மேலாக அழிப்பது போல இருந்தது. “நீங்க இந்த மழ முடியிற வரைக்கும் அந்த வீட்டுலயே இருங்க. வாசல்கிட்ட படுக்காதீங்க. பின்னால ரூமுல படுங்க. மழ விட்ட மறுநாளு கையெழுத்து.”

“இதை எந்தப் பிரிவில் எழுதுவது?” என்று லாயர் அம்மா கேட்டார்.

பெரியவர் வெகுநேரம் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். மாட்டேன் என்றால் அவருக்கே மலையை நினைத்துப் பயம் என்று எங்களுக்குப் புரிந்துவிடும், எழுந்து போய்விடலாம். அதற்காகத்தான் மனைவியும் அப்படிக் கேட்டாள் என்று பிறகு சொன்னாள்.

“சரி தங்கச்சி” என்றார் அவர். “வாக்குன்னா வாக்குத்தான்.”

அப்புறம் வந்த மழை சாதாரண மழை இல்லை. மதியம் தொடங்கினால் மறுநாள்தான் மூச்சு விடும். லயத்து வீட்டின் தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்போம். ஓர் ஆளை மலைக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு, அவர் பிழைத்தால் வீடு வாங்கலாம் என்று காத்திருக்கிறோம். இப்படி நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. தினமும் காலையில் நான் போன் போடுவேன்.

“அண்ணே, அந்த வீட்டு வரி ரசீது பத்திரமா இருக்கா?”

“இருக்கு தம்பி.”

மறுநாள்: “அண்ணே, தண்ணி மீட்டரு யாரு பேருல இருக்கு?” அதற்கு மறுநாள்: “ஜன்னலு கொக்கி எத்தனண்ணே?” உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்பதற்கு எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான். ஒரு நாள் கேட்க எதுவும் கிடைக்காமல், “முத்திர வரிய பாதிப் பாதியா வச்சுக்கலாமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். பின்னால் தண்ணீர் சத்தம் கேட்டது, வாளியில் கொட்டுவது போல இல்லை, ஆறு போல.

மூன்றாவது வாரம் ஒரு மதியம் அவரே கூப்பிட்டார். “தம்பி, முனிய நாலாவது எடத்துக்கு மாத்திட்டேன். இப்ப சமையக்கட்டு உள்ள இருக்காரு. அடுப்பு பக்கத்துல.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “பின்கதவு தெறக்க வரல. அதான் ஜன்னலு வழியா எடுத்தேன்.”

நான் போனை வைப்பதற்குள் மனைவி பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

சாலையில் ஓரிடத்தில் மண் பாதி வழியை அடைத்திருந்தது. கார் ஊர்ந்துதான் போனது. போய்ப் பார்த்தால், பின் அறையில் கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் இருந்த விரிசலுக்கு மேல் ஒரு காலண்டர் தொங்கியது. விரிசல் காலண்டரைத் தாண்டி இரண்டு பக்கமும் வெளியே வந்திருந்தது.

“வாங்கண்ணே, போலாம்” என்றேன்.

“மழ முடியலயே தம்பி.”

“அதான் சொல்றேன், எந்திரிங்க!”

“வந்துட்டா பேச்சு போச்சுல்ல? முடியிற வரைக்கும்னு தங்கச்சி சொல்லிச்சு. நா வாக்கு குடுத்துட்டேன். வீட்ட வித்தாத்தான் மககிட்ட வெறுங்கையோட போகாம போவேன்.”

மனைவி அவர் முன்னால் போய் நின்றாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “நா சொன்னத நானே திருப்பி எடுத்துக்கிறேண்ணே. வீடு வேணாம். எங்களுக்கு வீடே வேணாம். எந்திரிங்க.”

அவளுடைய இருபத்தெட்டு வருட உழைப்பும் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது.

பெரியவர் எழுந்தார். செருப்பு மாட்டினார். பிறகு சமையல்கட்டைப் பார்த்தார். “அவரு?”

பூசாரிச் செலவு யாருடையது என்று முடிவாகாமல் கிடந்த விஷயம் அந்த நிமிடம் முடிந்தது. நானே போனேன். மூன்று கல்லையும் அரிசிச் சாக்கில் போட்டு, சூலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பரமண்டலத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கினேன். பாதிக்கு மேல் மறந்துவிட்டது. அப்போதுதான் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். முட்டைக்கோஸ் மூட்டையை ஒருவர் மெதுவாக இறக்கி வைப்பது போல. பிறகு இன்னொன்று. மூவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முனியை முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன். பெரியவரும் மனைவியும் பின்னால். கார் மூன்றாவது தடவைதான் கிளம்பியது.

முன்பணத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, பெரியவர் மறுநாளே லாயர் அம்மாவிடம் கையெழுத்துப் போட்டார். மகள் வந்து கூட்டிப்போனாள். முனியைக் கிள்ளான் அடுக்குமாடிக்கு ஏற்ற முடியாது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம். முனி இப்போது எங்கள் தோட்டத்துக் கோயில் ஓரத்தில் இருக்கிறார். நாங்கள் லயத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு, தானா ராத்தாவில் ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு இருக்கிறோம். வாடகை மாதாமாதம் சேமநிதியைத் தின்கிறது. வாங்குகிற அளவுக்கு இனி அது தேறாது.

அந்த வீடு விழவில்லை. அந்த மழையிலும் விழவில்லை, அதற்கடுத்த மழையிலும் விழவில்லை. மண் சமையல்கட்டுச் சுவர்வரை வந்து, சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறது. மாதம் ஒரு தடவை போய்ச் சாலையிலிருந்தே பார்த்துவிட்டு வருவேன். அது விழுந்தால் நான் புத்திசாலி. நின்றால், இருந்த ஒரே வாய்ப்பை விட்ட முட்டாள். ஆண்டவரே, என்னை முட்டாளாகவே வைத்திரும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் வாடகை கட்டுகிற நாளன்று அந்த ஜெபத்தில் கொஞ்சம் தடுமாற்றம் வருகிறது.

போன வாரம் பெரியவர் கிள்ளானிலிருந்து கூப்பிட்டார்.

“மல என்ன பண்ணுது தம்பி?”

“நின்னுக்கிட்டு இருக்குண்ணே.”

“பாத்தியா! அவரு இல்லாமயே நிக்குது.” கொஞ்ச நேரம் இருமினார். “நா யோசிச்சேன். இப்ப முனியும் இல்ல, ஒனக்கும் தொந்தரவு இல்ல. வெலயில பாதி கொறச்சுக்கிறேன். முத்திர வரி, லாயரு, எல்லாம் நானே போட்டுக்கிறேன். என்ன சொல்ற?”

மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல வெயில். பத்து நாளாக மழையே இல்லை.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“யோசிச்சுச் சொல்றேண்ணே” என்றேன்.